தளம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960-இல் கரோல் புயல் அடித்து ஓய்ந்த பிறகுதான் மொரீஷியஸில் கான்கிரீட் வீடுகள் பரவலாயின. கான்கிரீட்டில் கூரைத் தளம் போடும் நாள் இங்கே இன்றும் குடும்ப விசேஷம். சொந்தபந்தமெல்லாம் வந்து வாளி கைமாற்றும். கலவை விகிதம், ஜல்லி அளவெல்லாம் புதுப் பையன்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. கோட்டை விடுவது வேறு இடங்களில்.

கம்பியைப் பலகைமேல் படுக்கவிடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. கம்பி பலகையைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் சிமென்ட் கட்டையான கவர் பிளாக் எங்கே என்று கேட்டால், "கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிட்டுக்கலாம் அண்ணே" என்கிறார்கள். கொக்கியை எடுத்ததும் கம்பி பழையபடி இறங்கிவிடும். போதாததற்கு அதன்மேல் ஆட்கள் வாளியோடு நடக்கிறார்கள். பலகையைப் பிரித்தால் அடியில் கம்பி வரிவரியாகத் தெரியும். உடனே பூசி மறைத்துவிடுவார்கள்.

கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமென்டின் காரத்தன்மையால். கடற்காற்றின் உப்பு நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டால் அந்தக் காவல் போயிற்று. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பிளந்துகொள்ளும்.

சூயாக் பக்கம் கிரி கிரி கடற்கரையில் அலையைத் தடுக்கப் பவளத்திட்டு கிடையாது. அந்தப் பகுதியில் ஒரு வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினேன். பொள்ளல் சத்தம். இரண்டாம் தட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி பாதியாக இளைத்து, விரல் பட்டதும் ஏடு ஏடாக உதிர்ந்தது. அதற்குக் கீழே இருந்த கான்கிரீட் 5 மி.மீ.கூட இல்லை. "பெயிண்ட் அடித்தால் போதாதா தம்பி?" என்றார் வீட்டுக்கார அம்மா. போதாது. கெட்ட கான்கிரீட்டைக் கொத்தியெடுக்க வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், இளைத்த இடத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். ஒரு கூடை கவர் பிளாக்கில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை அது.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே, வெளிக்காற்று படும் இடத்தில் 40 மி.மீ., கடலை ஒட்டி 50 மி.மீ. விடுங்கள். மரத்துண்டு, உடைந்த ஓடு வேண்டாம். தளத்தின் தரத்துக்குக் குறையாத சிமென்ட் கட்டையை ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வையுங்கள்.

பால்கனி மேல்கம்பியை மிதிப்பது

பால்கனியில் இழுவிசை மேல்பக்கம். மேல்கம்பி அமுங்கினால் சுவரோரம் விரிசல் விடும். மேல்கம்பியைத் தாங்க நாற்காலிபோல் வளைத்த 'சேர்' கம்பி வைத்து, நடக்கத் தனிப் பலகை போடுங்கள்.

கலவையில் கூடுதல் தண்ணீர்

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டரைத் தாண்டாதீர்கள், மணலின் ஈரத்தையும் சேர்த்து.

நீராற்றாமல் விடுவது

குறைந்தது 7 நாள் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

அடுத்த மாடிக்கு விட்ட கம்பி

மகன் கலியாணத்துக்கு மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பியை மொட்டைமாடியில் திறந்தபடி வருடக்கணக்கில் விடுகிறார்கள். துரு தூணுக்குள்ளும் இறங்கும். கம்பிக்குச் சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) பூசி, பிறகு உடைத்தெடுக்க வசதியாகச் சிமென்ட் குறைந்த கலவையால் மூடிவையுங்கள்.