காயாத வார்னிஷ்: மேலே இன்னொரு கை அடிக்காதீர்கள்

கும்பகோணம் பக்கத்தில் கதவு, ஊஞ்சல், அலமாரிகளுக்கு வார்னிஷும் அரக்கு பாலிஷும் போடுவது என் தொழில். ஐப்பசி பிறந்துவிட்டால் என்னைத் தேடி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வார்னிஷ் அடித்து ஒரு வாரமாகிறது, இன்னும் கையில் ஒட்டுகிறது. மேலே இன்னொரு கை அடித்தால் சரியாகிவிடுமா?" ஆகாது. அடியில் இளகிக் கிடப்பதை மூடி, அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சக் காற்றையும் அடைத்துவிடுவீர்கள். முதலில் தூரிகையைக் கீழே வையுங்கள்.

எண்ணெய் வார்னிஷ் காய்வது துணி காய்வதைப் போன்றதன்று. அதில் கலந்த டர்பன்டைன் சில மணி நேரத்தில் பறந்துவிடும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அதை விரைவுபடுத்த கோபால்ட் போன்ற உலோக உப்புகளைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். டர்பன்டைன் பறந்தும் ஒட்டுகிறதென்றால், இந்த இரண்டாவது வேலையை ஏதோ ஒன்று தடுக்கிறது. தடுப்பது டப்பாவிலா, மரத்திலா, காற்றிலா என்று தெரியாமல் எதையும் சுரண்டக் கூடாது.

அதற்கு நான் நம்புவது கண்ணாடித் துண்டுகளை. அதே டப்பாவிலிருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளில் மெல்லிசாகத் தடவுங்கள். ஒன்றை அந்த மரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். மற்றொன்றை மழைச் சாரல் படாத, காற்றோட்டமுள்ள வேறிடத்தில் வையுங்கள். மறுநாள் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டினால் டப்பாவில் கோளாறு. இரண்டும் காய்ந்து மரம் மட்டும் ஒட்டினால் மரத்தில் கோளாறு, அல்லது பூச்சு தடிமன். வேறிடத்தில் வைத்தது மட்டும் காய்ந்தால் அறையின் காற்றுதான் காரணம்.

டப்பா என்றால் பெரும்பாலும் பழைய சரக்கு. திறந்து நாளான வார்னிஷில் காயவைக்கும் உப்புகள் வலுவிழந்துவிடும். அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக எடுத்து அடித்தாலும், டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாலும் இதே கதிதான். அரக்கு பாலிஷும் அப்படியே. ஸ்பிரிட்டில் கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்கு இறுகாது, புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் வேறு இனம். அதில் இறுகவைக்கும் இரண்டாவது டப்பாவான ஹார்டனரின் அளவு தப்பினாலோ, அதற்குரிய தின்னர் அல்லாத வேறொன்றை ஊற்றினாலோ, எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மரத்தில் கோளாறு என்பதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள். ஈட்டி மரத்தில் இயற்கையாகவே உள்ள சில பொருட்கள் எண்ணெய் இறுகுவதைத் தடுக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கிலும் இது நேரும். ஆனால் நம் வீடுகளில் நான் அதிகம் காண்பது தேங்காய் எண்ணெய். ஒரு வீட்டுத் தேக்கு ஊஞ்சலில் பெரியவர் உட்கார்ந்து எழுந்ததும், அவர் வேட்டியின் இழை வார்னிஷில் அப்படியே பதிந்திருந்தது. பலகையின் ஓரங்களும் சங்கிலி வளையம் இருக்கும் மூலைகளும் நகம் பதியாத அளவுக்கு இறுகியிருந்தன. நடுப்பகுதி மட்டும் பிசுபிசுத்தது. விசாரித்தால், மினுமினுப்புக்காக அந்த நடுப்பகுதியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது அந்த வீட்டு வழக்கம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையுமே தவிர, ஆளிவிதை எண்ணெயைப் போல ஒருநாளும் இறுகாது. பூஜையறைக் கதவுகளிலும் இதே தொல்லை உண்டு. ஆளிவிதை எண்ணெயும், பச்சையாகப் பூசி மிச்சத்தைத் துடைக்காமல் விட்டால், வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காற்று காரணம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஒரு வாரம் பொறுங்கள். காலை வெயில் நல்லது. உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகிக் கொப்பளிக்கும். அலமாரியின் உட்புறத்துக்கு எண்ணெய் வார்னிஷ் அடிக்கவே கூடாது என்பது என் கட்சி. கதவை மூடியதும் காற்று நின்றுவிடும். நெடுநாள் நாற்றமடிக்கும், துணியும் ஒட்டும். உள்ளே அரக்கு பாலிஷ் போதும்.

கட்டை விரலை அழுத்தித் திருகும்போது மேலே தோல் சுருங்கி அடியில் நழுவினால், பூச்சு தடிமன். அது தானாக இறுக நெடுங்காலமாகும். எடுத்துவிடுவதே மேல்.

எடுக்கும்போது உப்புத்தாளில் தொடங்காதீர்கள். இரண்டு இழுப்பில் பிசின் அப்பிக்கொள்ளும். கூரான இரும்புத் தகட்டால் இழையின் போக்கிலேயே வழித்தெடுங்கள். மிச்சத்தை டர்பன்டைனில் நனைத்த சாக்குத் துண்டால் தேயுங்கள். அந்தச் சாக்கையும் துணியையும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். காய்கிற எண்ணெய் வெப்பத்தை வெளியிடும்; குவிந்து கிடக்கும் துணி நெருப்பில்லாமலே தீப்பற்றும். உடனே தண்ணீரில் ஊறவையுங்கள், அல்லது திறந்தவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

மரம் உலர்ந்ததும் 120, 180, 220 என்ற எண்களில், சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு வரிசையாக உப்புத்தாள் போடுங்கள். பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். வெள்ளைத் துணியில் மஞ்சளோ பழுப்போ வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகே விளக்கு எரியக் கூடாது. துடைத்த அன்றே, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிசாக ஒரு கை பூசுங்கள். மரத்தின் எண்ணெய்க்கும் வார்னிஷுக்கும் நடுவே அது சுவராக நிற்கும். எண்ணெய் ஊறிப்போன ஊஞ்சலுக்கும் ஈட்டி மரத்துக்கும் இதை நான் தவிர்ப்பதே இல்லை.

அதன்மேல் புது வார்னிஷ். முதல் கைக்குப் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, தூரிகையை நன்றாக வழித்து இழுங்கள். அடுத்த கைக்கு எப்போது தயார் என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். ஓர் ஓரத்தில் 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் அடிக்கலாம். உருண்டு திரண்டால் இன்னொரு நாள் விடுங்கள். கோடையில் ஒரு நாள் போதும், அடைமழையில் இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகும். கடைசிக் கைக்குப் பின் ஊஞ்சலில் உட்கார ஒரு வாரமாவது வேண்டும். குத்துவிளக்கு போன்ற கனமான சாமான்களை வைக்க ஒரு மாதம் பொறுங்கள்.