ஆய்வகத்தில் கணித மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆய்வகப் பொறுப்புக்கு வருகிறவர்கள், நாங்கள் அன்று அடித்த கூத்தையே இன்றும் அடிக்கிறார்கள். கடவுச்சொல்லை எழுதி மானிட்டரில் ஒட்டுவது, திருட்டுப் பிரதி போடுவது போன்றவை ஊரறிந்த சங்கதி, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோட்புக் சர்வரை ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கில்) ஓட்டி, எல்லோருக்கும் திறந்துவிடுவது

சேஜ்மேத், ஆக்டேவ், மேக்ஸிமா, மேட்லேப் என எந்தக் கணித மென்பொருளை எடுத்தாலும் உள்ளிருந்தே இயங்குதளத்துக்குக் கட்டளை அனுப்ப வழி உண்டு. உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டவிடும் நோட்புக் சர்வரான ஜூபிட்டரில், நிரல் எழுதும் கட்டத்தில் கட்டளைக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போதும். கணக்குப் போட இடம் கொடுத்தால் ஷெல்லையே (இயங்குதளத்தின் கட்டளைச் சாளரத்தையே) கொடுத்த மாதிரிதான். இது ஓட்டை இல்லை, வடிவமைப்பே அப்படி. அதனால் “அப்டேட் எல்லாம் போட்டாச்சு” என்ற பதில் இங்கே செல்லாது.

ஜூபிட்டர் மூன்று பூட்டுகளோடுதான் வருகிறது. தான் ஓடும் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். 2016 கடைசியில் வந்த 4.3 பதிப்பிலிருந்து டோக்கன் (கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீடு) கேட்கும். ரூட்டாக ஓட்டினால் கிளம்பவே மறுக்கும். மூன்றையும் மெனக்கெட்டுக் கழற்றுகிறார்கள்!

ஓரிடத்தில் சர்வர் ஏன் இப்படி ஊர்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மாணவர்கள் டோக்கன் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று பொறுப்பாளர் அதைக் காலியாக்கி, முகவரியை 0.0.0.0 ஆக்கி (எந்தக் கணினியிலிருந்தும் இணையலாம் என்று பொருள்), ரூட்டுக்கும் அனுமதி கொடுத்திருந்தார். அவர் பக்கத்தில் இருக்கும்போதே, வளாக வைஃபையில் என் மடிக்கணினியிலிருந்து அந்தச் சர்வரின் 8888 போர்ட்டை (ஜூபிட்டரின் இணைப்பு வாயிலை) உலாவியில் திறந்தேன். ஆச்சரியக்குறி போட்டு எந்தக் கணக்கில் இருக்கிறேன் என்று கேட்கும் ‘ஹூஆம்ஐ’ கட்டளையை அடித்தேன். ‘ரூட்’ என்றது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால், யாரோ நட்டுவைத்த கிரிப்டோ மைனர் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல்) சிபியு முழுவதையும் தின்றுகொண்டிருக்கிறது. ஆசிரியர்களின் வினாத்தாள் கோப்புறையும் அதே இயந்திரத்தில்.

“உள் நெட்வொர்க்தானே சார்” என்றார். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. மாணவர் கொண்டுவரும் ஒவ்வொரு போனும் அந்த உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது? ரூட் கைமாறிய இயந்திரத்தை நம்ப முடியாது. துடைத்துவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டியதாயிற்று. செய்முறை வகுப்புகள் அதுவரை நின்றன.

உங்கள் ஒருவருக்கு மட்டும் என்றால் சர்வரை லோக்கல்ஹோஸ்ட்டிலேயே (அதே கணினிக்குள் மட்டும்) விட்டு, எஸ்எஸ்ஹெச் டன்னல் என்ற மறைகுறியாக்கிய இணைப்பு வழியாக வாருங்கள். வகுப்புக்கு என்றால் பலருக்கும் தனித்தனி ஜூபிட்டர் தரும் ஜூபிட்டர்ஹப் போட்டு, ஆளுக்கொரு லினக்ஸ் கணக்கு கொடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம்.

நினைவக வரம்பு போட்டாயிற்று என்று நம்புவது

ஒரு க்ரோப்னர் அடிப்படைக் கணக்கு (பல்லுறுப்புக் கோவைகளைக் கையாளும் கனமான கணக்கு) போதும், ரேம் முழுவதையும் விழுங்க. ஜூபிட்டர்ஹப்பில் வரம்பு எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஒவ்வொருவரின் சர்வரையும் கிளப்பும் பகுதிக்கு ஸ்பானர் என்று பெயர்; இயல்பாக வரும் ஸ்பானர் அந்த வரியைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. சிஸ்டம்டி ஸ்பானருக்கோ டாக்கர் ஸ்பானருக்கோ மாறினால்தான் அது வேலை செய்யும்.

லைசென்ஸ் சர்வருக்காக ஃபயர்வாலையே அணைப்பது

மேட்லேப் லைசென்ஸ் மேலாளரை 27000 போர்ட்டில் திறந்தும் வேலை செய்யவில்லை என்று ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பார்கள். அதனுடன் பின்னணியில் ஓடும் வெண்டர் டீமன் என்ற இன்னொரு நிரல் ஒவ்வொரு முறையும் வேறு போர்ட் பிடிப்பதுதான் காரணம். லைசென்ஸ் கோப்பில் அதற்கும் ஓர் எண்ணை நிலையாக எழுதி, அந்த இரண்டை மட்டும் திறங்கள். இதையும் ரூட்டாக ஓட்ட வேண்டாம்.

யாரோ அனுப்பிய எஸ்ஓபிஜே கோப்பு

எஸ்ஓபிஜே என்பது சேஜ்மேத் தன் தரவைச் சேமிக்கும் கோப்பு. சேஜ் அதை பிக்கிளாகத்தான் (பைத்தான் மொழியின் சேமிப்பு வடிவம்) படிக்கிறது. லோட் செய்தாலே உள்ளிருக்கும் நிரல் ஓடும். தெரியாதவர் கொடுத்தால் திறக்காதீர்கள்.

செமஸ்டர் முடிந்தும் அழிக்காத கணக்குகள்

செமஸ்டர் முடித்தவர்களின் பட்டியல் வந்த அன்றே அவர்கள் கணக்குகளை முடக்குங்கள்.