கீரி கடித்த கோழியைப் பிழைக்க வைத்தது

மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் ஓரத்து வீடு எங்களுடையது, கீரித் தொல்லை அதிகம். குறுவை அறுப்பு சமயத்தில் எங்கள் கோழியின் முதுகை ஒரு கீரி பிய்த்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகளே கொத்திக் கொன்றுவிடும் என்பதால் முதலில் அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டு, மேலே சாக்கை மூடி இருட்டாக்கினேன். அப்புறம் காயத்தைச் சுற்றி இறகை வெட்டி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, பெட்டாடின் தடவினேன். தினமும் பார்க்கணும், ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், நம்ம ஊர் ஈரத்துக்கு அதுதான் பெரிய பயம். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அலகை நனைத்தால் தானே குடிக்கும். மறுநாள் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டோம், பல் ஆழமாகப் பதிந்தால் மேலே ஆறினாலும் உள்ளே சீழ் கட்டும். தோல் மூடிய பிறகுதான் மற்ற கோழிகளோடு விட்டேன்.