ஆக்சில் தேய்ந்த பிக்கப்: எஸ்டிமேட் நியாயமா என்று நீங்களே கணக்குப் பார்க்கும் வழி

பின் சக்கரத்துப் பக்கம் ஒரு உறுமல் சத்தம். பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வருகிறோம். மாலையில் போன் வருகிறது: "ஆக்சில் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்." கூடவே ஒரு தொகை. அது அதிகமா, சரியான கூலியா, இல்லை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவா என்று நமக்கு எதுவும் தெரியாது. வண்டி அவர்களிடம், வேலை நமக்கு நாளைக்கு, அதனால் சரி என்று சொல்லிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் சொன்னேன், ஒரே கசிவுக்காக இரண்டு முறை. அந்தக் கதை பின்னால் வருகிறது. மெக்கானிக் வேலை எதுவுமே தெரியாதவர்கள் ஒரு எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு. விலைப் பட்டியல் தரப்போவதில்லை, ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி அது மாறும். மாறாதது வேலையின் அளவு, அதை வைத்துப் பார்த்தால் போதும்.

படி 1: எது தேய்ந்தது என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்

"ஆக்சில் போயிடுச்சு" என்பது ஒரு பழுதின் பெயரே இல்லை. ஆக்சில் என்று நாம் சொல்லும், சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அந்த அச்சுத் தொகுப்புக்குள் தனித்தனியாகத் தேயும் பொருட்கள் நிறைய இருக்கின்றன. பின்பக்கம் என்றால் சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் வீல் பேரிங், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல், சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட், நடுவில் இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், அதற்குள் கிரௌன் பினியன் என்னும் ஜோடிப் பல்சக்கரங்கள், அவற்றின் பேரிங்குகள். கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஓடும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் யுனிவர்சல் ஜாயிண்ட், இதைப் பல பட்டறைகளில் கிராஸ் என்பார்கள். முன்பக்கம் சக்கரத்தின் நடுவில் ஹப் பேரிங், சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் விடும் குமிழ் மூட்டான பால் ஜாயிண்ட், முன் சக்கரங்களும் இழுக்கும் வண்டி என்றால் கூடவே சிவி ஷாஃப்ட், அதன் முனையில் வளைந்துகொண்டே சுழலும் மூட்டான சிவி ஜாயிண்ட், அதைப் பொத்தியிருக்கும் ரப்பர் பூட்.

இவற்றில் கிராஸ் மாற்றுவது சின்ன வேலை. கிரௌன் பினியன் மாற்றுவது பெரிய வேலை. இரண்டுக்கும் கூலியில் பல மடங்கு வித்தியாசம், ஆனால் வெளியே கேட்கும் "டங்" சத்தம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அதனால் பொருளின் பெயர், எந்தப் பக்கம், எப்படிக் கண்டுபிடித்தார்கள், இந்த மூன்றும் வராத வரை தொகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

படி 2: முடிந்த சோதனைகளை நீங்களே செய்து பாருங்கள்

முதலில் சத்தம். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடி, நேரான சாலையில் ஒரே மாதிரி உறுமினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படலாம். காலியான இடத்தில் மெதுவாக இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள், பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விட்டதும் வேறு விதமாகவும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது முன்னால் "டக் டக் டக்" என்றால் சிவி ஜாயிண்ட். கியரை முன்னுக்கும் ரிவர்சுக்கும் மாற்றும்போது ஒரே ஒரு "டங்" என்றால் முதலில் கிராஸைப் பாருங்கள். வண்டியை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால், கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு தூள் படிந்திருக்கும். உள்ளே கிரீஸ் காய்ந்துபோய் ஊசி ரோலர்கள் அரைபடுகின்றன என்று அர்த்தம். அந்தத் தூள் இருக்கும்போது யாராவது டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டும் என்றால், முதலில் கிராஸை மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அடுத்தது ஆட்டம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கட்டை போட்டு, ஜாக்கியில் தூக்கிக் கட்டாயம் ஸ்டாண்ட் வைத்த பிறகு, முன் சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு: இன்னொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இரண்டு நிமிட வேலை, தவறான பொருளுக்குப் பணம் கட்டுவதைத் தடுக்கும்.

பின் சக்கரத்தில் ஒரு எச்சரிக்கை. சி வடிவக் கிளிப்பால் பிடித்து வைத்திருக்கும் ஆக்சில்களில் ஷாஃப்ட் உள்ளுக்கும் வெளிக்கும் கொஞ்சம் நகர்வது இயல்பு. அதைக் காட்டி பேரிங் போய்விட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஆனால் சக்கரம் நன்றாகவே ஆடுகிறது என்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு இரண்டாவது பட்டறை தேடிப் போகாதீர்கள், ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வகை ஆக்சிலில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும்.

கடைசியாக ஆயில். டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உலோகத் தூளைப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மாதிரி நைஸாக ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் போல் நறநறக்கிறதா, பளபளப்பான சில்லுகள் வருகிறதா, பல் துண்டு கிடக்கிறதா? அப்போதுதான் கிரௌன் பினியன் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

படி 3: கூலியை மணிக்கணக்காக மாற்றுங்கள்

எஸ்டிமேட்டில் ஸ்பேர் எவ்வளவு, கூலி எவ்வளவு, ஆயில் முதலான சில்லறை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிறகு பட்டறையின் மணிக்கூலி என்ன என்று கேளுங்கள். கூலித் தொகையை அந்த மணிக்கூலியால் வகுத்தால் எத்தனை மணி நேர வேலை என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தொகையாகப் பார்க்கும்போது மலைப்பாக இருப்பது மணியாகப் பார்க்கும்போது உடைபட்டுவிடும்.

பெரும்பாலான பிக்கப்களுக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு இது. கிராஸ் ஒன்று, சுமார் 1 மணி நேரம். முன் ஹப் பேரிங் ஒரு பக்கம் அல்லது சிவி ஷாஃப்ட் ஒரு பக்கம், 1 முதல் 2. பின் சக்கர பேரிங்கும் சீலும் ஒரு பக்கம், 2 முதல் 3. ஒரு பக்கத்துப் பால் ஜாயிண்ட் மேலும் கீழும் சேர்த்து 2 முதல் 4. கிரௌன் பினியனைப் பேரிங்குகளோடு மாற்றிச் செட் பண்ணுவது 5 முதல் 8, இதில் அவசரப்படுத்தவும் கூடாது. துருப்பிடித்து இறுகிப்போன வண்டிக்கு இதைவிடக் கூடும், அது நியாயமான கூடுதல்தான், போல்ட் சுற்ற மறுத்தால் மெக்கானிக் என்ன செய்வார்.

கிரௌன் பினியன் ஏன் அவ்வளவு நேரம் என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு பல்சக்கரங்களையும் கழற்றிப் புதிதாகப் போட்டால் வேலை முடிவதில்லை. பற்களுக்கு இடையே விடும் இடைவெளி, பேக்லாஷ் என்பது, பல வண்டிகளில் 0.15 முதல் 0.25 மி.மீ. அளவில்தான் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து, வாஷர் போன்ற ஷிம்களை மாற்றி மாற்றிப் போட்டு, பல்லில் நிறப்பசை தடவிச் சுற்றி, அச்சு எங்கே விழுகிறது என்று பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி கழற்றுவார்கள். இந்த வேலைக்கு யாராவது 2 மணி நேரக் கூலிதான் கேட்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள், அளக்காமல் போடப்போகிறார்கள். கொஞ்ச நாளில் ஊளை திரும்பி வரும். கிரௌனும் பினியனும் ஜோடியாகத்தான் வரும், ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்றால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

படி 4: ஒரே கழற்றலுக்கு இரண்டு கூலி போட்டிருக்கிறார்களா?

அதிகப்படியான பில்களில் பணம் ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். முன்னால் சொன்ன சி கிளிப் வகை ஆக்சிலில் ஒரு பின் பேரிங் மாற்றும் வேலையை மனதில் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் கழற்ற வேண்டும், பிரேக் டிரம் கழற்ற வேண்டும், டிஃபரன்ஷியல் மூடியைத் திறந்து ஆயிலை இறக்க வேண்டும், உள்ளே குறுக்கு பின்னை எடுத்து, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி, கிளிப்பை எடுத்து, ஷாஃப்ட்டை உருவ வேண்டும். அதற்குப் பிறகு பழைய சீலை நெம்பி எடுப்பதும் பேரிங்கை இழுப்பதும் அடுத்தடுத்த வேலை. ஆகவே பேரிங்குக்கு 2.5 மணி, சீலுக்குத் தனியாக 2 மணி, ஆயில் மாற்ற 1 மணி என்று மூன்று வரி இருந்தால் அதே கழற்றலுக்கு மூன்று முறை கூலி கட்டுகிறீர்கள். "ஷாஃப்ட் எப்படியும் வெளியில வருதே, சீலுக்குத் தனிக் கூலி எதுக்கு அண்ணா?" என்று அமைதியாகக் கேட்டால் போதும், நேர்மையான பட்டறை உடனே திருத்தித் தரும்.

முன்பக்கமும் இப்படியே. ஒரு பக்கத்து ஹப், சிவி ஷாஃப்ட், பால் ஜாயிண்ட் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் கூலி மூன்றையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். சீல் மட்டும்தான் கசிகிறது, ஆனால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது என்றால், கூடவே பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். ஸ்பேர் விலை மட்டும்தான் கூடும்.

படி 5: கூடவே வரும் வரிகளில் எது தேவை, எது தேவையில்லை

கியர் ஆயில் பிரேக் ஷூவில் ஊறியிருந்தால் ஷூ மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும், இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். சிவி ஷாஃப்ட்டின் ஆக்சில் நட் பல வண்டிகளில் ஒருமுறைதான் பயன்படும், புது நட் கேட்பது சரியே. புது கியர் ஆயிலும் சரி, வண்டிக்குச் சொன்ன கிரேடுதானா என்று மட்டும் பாருங்கள், பல வண்டிகளுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-5. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் பல வண்டிகளுக்கு அதற்கென்று ஒரு கலவை தனியாக ஊற்ற வேண்டும்.

பின்பக்கம் ஒரே உருளையாக இருக்கும் ஆக்சிலில் பேரிங் மாற்றியதற்கு வீல் அலைன்மென்ட் தேவையில்லை. முன்னால் பால் ஜாயிண்ட் மாற்றினால் தேவை. ஒரு பக்கம் பேரிங் போனால் மறுபக்கமும் மாற்றியே ஆக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. சிவி பூட் இப்போதுதான் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை, மண்ணும் போகவில்லை என்றால் பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றலாம். அந்த நிலையில் முழு ஷாஃப்ட்டும் போடுவதா என்று கேளுங்கள். சில இடங்களில் இரண்டுக்கும் செலவு பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், அப்போது ஷாஃப்ட்டே மேல்.

ஆக்சில் ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், அதைத் துடைத்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பல பிக்கப்களில் பின் பேரிங்கின் ரோலர்கள் நேராக ஷாஃப்ட் மேலேயே உருளும். அந்த இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கினால் ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமோ, அம்மைத் தழும்பு மாதிரி குழிகளோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும், புது பேரிங் அதன் மேல் நிலைக்காது.

இப்போது என் கதை. என் வண்டியில் வலது பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிந்து டிரம் முழுக்க நனைந்திருந்தது. சீல் மாற்றினார்கள், ஷூ மாற்றினார்கள், பணம் கட்டினேன். சில வாரங்களில் மறுபடி அதே ஈரம். மறுபடி சீல், மறுபடி ஷூ, மறுபடி பணம். மூன்றாவது முறை வேறு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் சக்கரத்தைத் தொடவே இல்லை, நேராக ஆக்சில் ஹவுசிங்கின் மேலே இருக்கும் சின்ன பிரீதர் குழாயைப் பிடுங்கி என் உள்ளங்கையில் தட்டினார், காய்ந்த சேறு ஒரு உருண்டையாக விழுந்தது. ஆயில் சூடாகும்போது உள்ளே காற்று விரியும், போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். அவ்வளவுதான் பழுது. கசிவு என்று எஸ்டிமேட் வந்தால் "பிரீதர் பார்த்தீங்களா?" என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள், தயவுசெய்து.

படி 6: ஸ்பேர்

கம்பெனி ஒரிஜினல், வெளிக் கம்பெனிப் புதியது, புதுப்பித்தது, பழைய வண்டியில் கழற்றியது என்று நான்கு வகை. விலை எந்த வகைக்கு என்று எஸ்டிமேட்டில் எழுதியிருக்க வேண்டும். பேரிங்கிலும் சீலிலும் நான் மலிவு பார்ப்பதில்லை, ஏனென்றால் அதைப் போடும் கூலி அதன் விலையைவிட அதிகம், மறுபடி போனால் அந்தக் கூலியும் மறுபடி. ஆக்சில் ஷாஃப்ட், ஹவுசிங் போன்றவை கழற்றிய பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம், அதே நகச் சோதனையைச் செய்துவிட்டு. டிஃபரன்ஷியல் முழுக்கச் சிதைந்திருந்தால், முழு ஆக்சிலாகப் பழையது ஒன்றைத் தேடிப் போடுவது பல நேரம் உள்ளே ஒவ்வொன்றாகப் புதிது போடுவதைவிடக் குறைவாக முடியும்.

கடை விலையைவிடப் பட்டறை கொஞ்சம் கூடுதலாக வைப்பதை நான் தவறாகச் சொல்லமாட்டேன், வாரண்டியை அவர்கள்தான் சுமக்கிறார்கள். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றால் கேளுங்கள்.

படி 7: சரி சொல்வதற்கு முன்னும் வண்டி எடுக்கும்போதும்

வாரண்டி ஸ்பேருக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். சோதனைக் கட்டணம் வாங்கியிருந்தால் வேலை கொடுத்த பிறகு பில்லில் கழிப்பார்களா என்று கேளுங்கள். திறந்த பிறகு வேறு பழுது தெரிந்தால் கை வைப்பதற்கு முன் போட்டோவோடு போன் பண்ணச் சொல்லுங்கள். பழைய பொருட்கள் வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போட்டாச்சு என்பார்கள். புதுப்பித்த பொருள் வாங்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் முன்பணம் திரும்பும் என்று இருந்தால், பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி எடுக்கும்போது பழைய பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள், தேய்ந்தது கரகரவென்று விரலுக்கே தெரியும். பிறகு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் சத்தம் வந்த அதே வேகத்தில் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சக்கரத்தின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வெள்ளைத் துணியால் மறுபடி துடையுங்கள். துணியில் ஆயில் பட்டால் பில்லையும் துணியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.