அலுமினியம் போட்டாச்சு, அமிலம் வந்தாச்சா?

நுண்துளை சிலிக்காவில் உலோகம் சேர்த்தால் அமிலத்தன்மை கூடும். சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுகட்ட வரும் புரோட்டான்தான் பிரான்ஸ்டெட் அமிலம். முழுமையாகப் பிணையாத உலோக அயனி எலக்ட்ரான் இணையை வாங்கிக்கொண்டால் அது லூயிஸ் அமிலம். இதில் யாருக்கும் குழப்பமில்லை. அளந்து எழுதும்போதுதான் கோட்டை விடுகிறார்கள்.

கலவையில் போட்ட அளவையே சாம்பிளில் இருக்கும் அளவாக எழுதுவது முதல் தவறு. எஸ்பிஏ-15 என்ற நுண்துளை சிலிக்கா தயாராவது வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில். அந்தச் சூழலில் அலுமினியம்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பு நிலைக்காது. அலுமினியத்தின் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கி, வடிகட்டும்போது வெளியே போய்விடும். எனவே ஐசிபி (சாம்பிளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் முறை) அளவீடு இல்லாமல் சிலிக்கான்–அலுமினிய விகிதத்தைச் சாம்பிளின் பெயரோடு ஒட்டாதீர்கள். அலுமினியம் உள்ளே இருந்தாலும் எங்கே இருக்கிறது என்பது தனிக் கேள்வி. அலுமினியம்-27 என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில்) 50–55 பிபிஎம் அருகே வருவது சுவருக்குள் நான்கு ஆக்சிஜனோடு பிணைந்த அலுமினியம். 0 பிபிஎம் அருகே வருவது ஆறு பிணைப்பு கொண்டது, பெரும்பாலும் சுவருக்கு வெளியே இருப்பது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில்) ஆக்சைடு உச்சம் தெரியவில்லை, ஆகவே உலோகம் முழுக்கச் சுவருக்குள் போய்விட்டது என்ற வாக்கியத்தை அடித்துவிடலாம். மிகச் சிறிய துகள்கள் எக்ஸ்ஆர்டியில் தெரியாது.

அம்மோனியா டிபிடி (அம்மோனியாவை ஏற்றி, சூடாக்கி, வெளிவருவதை அளக்கும் முறை) எத்தனை அமில இடங்கள், ஏறக்குறைய எவ்வளவு வலு என்று சொல்லும். பிரான்ஸ்டெட்டா லூயிஸா என்று சொல்லாது. உயர் வெப்பநிலையில் வரும் உச்சத்தை உடனே வலுவான அமிலம் என்று எழுதிவிடவும் கூடாது: சிலனால்கள் (சிலிக்கா மேற்பரப்பில் உள்ள சிலிக்கான்–OH தொகுதிகள்) இணைந்து வெளிவிடும் நீராகவும் அது இருக்கலாம். அம்மோனியா ஏற்றாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிறை நிறமாலைமானி வைத்திருப்பவர்களும் அம்மோனியாவின் நிறையான 17-ஐ மட்டும் நம்பக்கூடாது, நீரும் அங்கே ஒரு சிக்னல் தரும்.

அதிகம் தவறு நடப்பது, பிரிடின் என்ற காரத்தை அமில இடங்களில் ஒட்டவைத்து எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலையில்தான். 1545 செ.மீ⁻¹ பிரான்ஸ்டெட், 1455 லூயிஸ், 1490 இரண்டுக்கும் பொது; இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் சிலனாலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் ஒட்டியிருக்கும் பிரிடினும் 1445, 1596 ஆகிய இடங்களில் பட்டை தரும். உலோகமே இல்லாத வெறும் சிலிக்காவிலும் இவை வரும். 1445-க்கும் 1455-க்கும் உள்ள இடைவெளி சிறியது. அறை வெப்பநிலையில் எடுத்த நிறமாலையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, லூயிஸ் அமிலம் அமோகமாக இருப்பதுபோலத் தோன்றும். வெற்றிடத்தில் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் ஹைட்ரஜன் பிணைப்புப் பிரிடின் பெரும்பாலும் போய்விடும். அப்புறமும் 1455-ம், கூடவே 1620 அருகே ஒரு பட்டையும் நின்றால் லூயிஸ் என்று தைரியமாக எழுதலாம்.

எண்ணிக்கைக்கு வந்தால், பட்டைகளின் உயரத்தை வகுத்துப் பிரான்ஸ்டெட்–லூயிஸ் விகிதம் என்று போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் உறிஞ்சு குணகம் வேறு. எமைஸ் என்ற ஆய்வாளர் 1993-இல் தந்த, இன்றும் பலர் எடுத்தாளும் மதிப்புகள் பிரான்ஸ்டெட்டுக்கு 1.67, லூயிஸுக்கு 2.22 (செ.மீ./மைக்ரோமோல்). அப்படியானால் இரு பட்டைகளின் பரப்பும் சமமாக இருக்கும்போது பிரான்ஸ்டெட் இடங்கள் சுமார் 1.3 மடங்கு அதிகம். நிறமாலைக்காக அழுத்திய சாம்பிள் வில்லையின் எடையையும் பரப்பையும் குறிக்காமல் இரு சாம்பிள்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

1545 வரவே இல்லையா? சோடியத்தைச் சந்தேகியுங்கள். சோடியம் சிலிக்கேட்டோ சோடியம் அலுமினேட்டோ பயன்படுத்தியிருந்தால், புரோட்டான் இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் இருக்கும். அம்மோனியம் நைட்ரேட்டால் மாற்றி, மறுபடி சுட வேண்டும்.

துளைகளை அளக்கும் நைட்ரஜன் பரப்புக் கவர்தலில் (நைட்ரஜன் மேற்பரப்பில் ஒட்டுவதில்) ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வெளியேறும் வளைவிலிருந்து கணக்கிட்ட துளை அளவில் 3.8 நானோமீட்டர் அருகே கூர்மையான உச்சம் வந்தால் அதைத் துளை என்று நம்பாதீர்கள். சார்பு அழுத்தம் 0.42–0.45 அருகே திரவ நைட்ரஜன் தானே உடைந்து ஆவியாவதால் வருவது அது. ஏறும் வளைவில் அந்த உச்சம் இருக்காது.

கரைசலில் உள்ள சாயத்தையோ அயனியையோ சிலிக்காவில் ஒட்டவைக்கும்போது கதையே வேறு. சிலிக்காவின் மின்சுமை பூச்சியமாகும் பிஹெச் ஏறக்குறைய 2–3. அதற்கு மேல் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொள்ளும். மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயம் அயனியான சிலனாலிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து அலுமினியத்தின் அமில இடங்கள்தான் சாயத்தைப் பிடித்தன என்று முடிவு கட்டுகிறார்கள். தண்ணீருக்குள் லூயிஸ் இடத்தை முதலில் பிடிப்பது தண்ணீரே. உலோகம் சேர்க்காத அதே சிலிக்காவை அதே பிஹெச்சில் ஓட்டி, வித்தியாசத்தை மட்டும் உலோகத்தின் கணக்கில் எழுதுங்கள். ஈயம் போன்ற அயனிகளுக்குச் சிலிக்காவே போடாத குழாய் ஒன்றும் வேண்டும். பிஹெச் ஏற ஏற ஹைட்ராக்சைடாக வீழ்படிவானதை எல்லாம் பரப்புக் கவர்தலாக எண்ணிவிடுவோம். தரவு போலி இரண்டாம் வகைச் சமன்பாட்டுக்குப் (ஒட்டும் வேகத்தை விவரிக்கும் ஒரு வாய்பாட்டுக்குப்) பொருந்தியது, ஆகவே வேதிப் பரப்புக் கவர்தல் (வேதிப் பிணைப்பால் ஒட்டுவது) என்று எழுதுவதை ஆய்விதழ் நடுவர்கள் இன்னும் எப்படி விடுகிறார்களோ தெரியவில்லை. சமநிலையை நெருங்கிய புள்ளிகளை நிறையச் சேர்த்தால் எந்தத் தரவும் அந்தக் கோட்டில் போய் உட்காரும்.