அரையாண்டு விடுமுறைக் கொண்டாட்டம்: யாரையும் ஓரமாக உட்கார வைக்காமல் நடத்துவது எப்படி?

எங்கள் தெருவில் மாலை நேரப் படிப்பு வட்டம் நடத்துகிறோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 28 பிள்ளைகள். முதல் ஆண்டு டிசம்பரில் கேக் வெட்டினோம். மூன்று பேர் தட்டைத் தொடவே இல்லை. ஒருவன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான், கேக்கில் முட்டை. ஒருத்திக்குக் கேக்கின் மேலே இருந்த ஜெல்லியில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்குமோ என்று சந்தேகம். இன்னொருவனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. மூன்றுமே ஒரு வாரம் முன்பு கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

படி 1: நாள் குறிப்பது

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தையும் ஞாயிறு காலையையும் தவிருங்கள். மண்டல பூஜை முடியும் டிசம்பர் கடைசி வாரம் வரை மாலை போட்ட பிள்ளைகள் இருப்பார்கள். ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2030-இல் ஜனவரி தொடக்கத்தில் ஒரு முறை, டிசம்பர் இறுதியில் ஒரு முறை என நோன்பு இருமுறை தொடங்கும். அப்போது மதியச் சாப்பாட்டை வைத்து எதையும் திட்டமிட முடியாது.

படி 2: வீட்டாரிடம் கேட்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். "உணவில் ஏதாவது தவிர்க்க வேண்டுமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். முதலில் ஓர் அம்மா "எதுவானாலும் சரி சார்" என்று எழுதினார். அதன் பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகள். எல்லோரும் சரி என்ற இடத்தில் தன் பிள்ளைக்கு மட்டும் ஆகாது என்று எழுத யாருக்கு மனம் வரும்? கூகுள் படிவமும் எனக்குப் பிடிக்காது. பாதிப் பேர் நிரப்புவதில்லை, நிரப்புகிறவர்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடுகிறார்கள்.

இப்போது நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வீடு வீடாகப் போன் செய்கிறேன். இரண்டு மாலை போதும். "பிரச்சினை ஏதும் உண்டா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் வரும். "அந்த வாரம் வீட்டில் என்ன சமைப்பீர்கள்? என்ன கொடுத்தால் அவன் சாப்பிட மாட்டான்? பெருஞ்சத்தம் கேட்டால் எப்படி இருப்பான்? எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமான பதில்கள் வரும். பலூன் உடைந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பையன் ஒருவன் இருப்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பலூனே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம்.

படி 3: விளையாட்டு

இசை நாற்காலியில் காது கேளாத ஒரு சிறுமி எப்போதும் முதல் சுற்றிலேயே வெளியேறினாள். பாட்டை நிறுத்திவிட்டுப் பச்சைத் துண்டு ஒன்றைத் தூக்கினோம். துண்டு இறங்கினால் உட்கார வேண்டும். பாட்டை நம்பி ஆடிப் பழகியவர்கள் தடுமாறினார்கள், அவள் கடைசி மூவரில் வந்தாள்.

பரிசுப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம். "ஐம்பது ரூபாய்க்குள்" என்று வரம்பு வைத்தாலும் அந்த ஐம்பது இல்லாத வீடு ஒன்று இருக்கும். அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

படி 4: விலகும் உரிமை

"பிடிக்காதவர்கள் கலந்துகொள்ள வேண்டாம்" என்று சொன்னதும் ஒருவன் திண்ணையில் தனியே போய் உட்கார்ந்தான். உரிமை கொடுத்ததாக நான் நினைத்தேன். அவனுக்கு அது தண்டனை. இப்போது ஒரே அறையில் ஒரே நேரத்தில் மூன்று மேசைகள்: காகித நட்சத்திரம், கோலப் புள்ளி, கேரம். பண்டிகையில் ஈடுபாடு இல்லாத பிள்ளை கேரம் ஆடினால் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

படி 5: சாப்பாடு

சுண்டல், வாழைப்பழம், கடலைமிட்டாய். முடிந்தது.

பின்சேர்க்கை: முடியவில்லை. நிலக்கடலை தன் மகளுக்கு ஒவ்வாது, மூச்சுத் திணறும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். என் நான்கு கேள்விகளில் "சாப்பிட மாட்டான்" இருந்தது, "சாப்பிட்டால் என்ன ஆகும்" இல்லை. அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய்க்குப் பதில் பொரி உருண்டை வாங்குகிறோம். அதையும் கடலைமிட்டாய் செய்யாத இடத்தில், தனியாகச் செய்து தரச் சொல்லி.