டாட்டூ கடைக்கு கூகுள் ரிவ்யூ: நான் கேட்கும் நேரத்தை மாற்றினேன்

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு டாட்டூ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் லைக் கொட்டும். கூகுள் மேப்பில் ரிவ்யூ மட்டும் ஏறவே ஏறாது. புதிதாக வருகிறவர்கள் பார்ப்பதோ மேப்பைத்தான்.

வேலை முடிந்த கையோடு கேட்டால் யாரும் எழுதுவதில்லை. தோல் சிவந்து எரியும், மேலே பிளாஸ்டிக் பிலிம் சுற்றியிருக்கும். ‘வீட்டுக்குப் போய்ப் போடுறேண்ணா’ என்பார்கள், அத்தோடு சரி. மேல்தோல் ஆறி, பொருக்கு உதிர்ந்து, நிறம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதனால் மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில், ‘எப்படி ஆறியிருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று கேட்க ஆரம்பித்தேன். டச்-அப், அதாவது நிறம் விட்டுப்போன இடத்தில் மறுபடி குத்துவது, வேண்டுமா என்று பார்க்க அந்தப் போட்டோ எப்படியும் தேவை. போட்டோ வந்ததும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (மேப்பில் தெரியும் நம் கடைப் பக்கம்) கிடைக்கும் ரிவ்யூ லிங்க்கை அனுப்புவேன். ‘வலி எப்படி இருந்துச்சு, ஊசி பாக்கெட்டை உங்க முன்னாடி பிரிச்சோமா, அதை எழுதுங்க’ என்று ஒரு வரியும் சேர்ப்பேன். வெறும் ‘சூப்பர்’ என்பது போய், விவரமாக எழுத ஆரம்பித்தார்கள்.

லிங்க் எல்லோருக்கும் போகும். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும், தள்ளுபடி கொடுத்து எழுத வைப்பதும் கூகுள் விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் ரிவ்யூவைத் தூக்கிவிடுவார்கள்.

சிலர் வீட்டுக்குத் தெரியாமல் குத்திக்கொள்கிறவர்கள். ரிவ்யூவில் பெயர் தெரிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. ரிவ்யூ எழுதாவிட்டாலும், அவர்கள் நண்பர்களைக் கூட்டி வருவார்கள்.